பைக்குக்கு இன்ஷூரன்ஸ் இருக்கு... கேமரா பைக்கு?

முகூர்த்த நாள் அன்னைக்கு விடியறதுக்கு முன்னாடி போத்தனூர் ஜங்ஷன் பிளாட்பாரத்துல நின்னு பாருங்க. முதுகுல கறுப்பு பேக், கையில ட்ரைபாட், கண்ணுல பாதித் தூக்கத்தோட ரெண்டு மூணு பசங்களாவது நிப்பாங்க. பொள்ளாச்சிப் பக்கமோ, பாலக்காட்டுப் பக்கமோ கல்யாணம் எடுக்கப் போறவங்க. ஸ்டேஷன் வரைக்கும் வந்த பைக்கை ஸ்டாண்டுல போட்டு, டோக்கனைப் பத்திரமா பர்ஸுல வெச்சிருப்பாங்க.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. அந்த பைக் செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது, அம்பதாயிரம் தேறலாம். அதுக்கு ஆர்.சி இருக்கு, நம்பர் பிளேட் இருக்கு, இன்ஷூரன்ஸ் இல்லாம ரோட்டுல இறங்கினா ஃபைன் இருக்கு. முதுகுல தொங்குற பையில ஒரு ஃபுல் ஃப்ரேம் பாடி, 24-70 லென்ஸ், 70-200 லென்ஸ், ரெண்டு ஃப்ளாஷ், அரை டஜன் பேட்டரி. புதுசா வாங்கினா நாலஞ்சு லட்சம். அதுக்கு என்ன இருக்கு? பெரும்பாலும் ஒண்ணுமே இல்லை. பில்லே வீட்டுல எங்கேயோ கிடக்கும்.

இந்தக் கணக்கை நான் போட ஆரம்பிச்சது என் நண்பனால. போத்தனூர்ல இருந்துதான் அவன் தொழில் பண்றான். போன வருஷம் ஒரு ரிசப்ஷனை முடிச்சுட்டு ராத்திரி ரயில்ல திரும்பி வந்தவன், மேல ரேக்குல பையை வெச்சுட்டு கண் அசந்துட்டான். போத்தனூர் வந்து முழிச்சா பை இல்லை. ரயில்வே போலீஸ்ல அவன்கிட்ட கேட்ட முதல் கேள்வி, "சீரியல் நம்பர் என்ன தம்பி?" அவனுக்குத் தெரியலை. பாடியோட மாடல் தெரியும், எத்தனை மெகாபிக்ஸல்னு தெரியும், லோ லைட்ல எப்படி வேலை செய்யும்னு அரை மணி நேரம் பேசுவான். நம்பர் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா? போனை கீழே வெக்காம யோசிச்சுப் பாருங்க.

இது ஒரு ஆளோட கவனக்குறைவுன்னு விட்டுடலாம். ஆனா கேமராங்கிறது இப்போ நகை மாதிரி ஆகிடுச்சு. 2024 பிப்ரவரி கடைசியில ஆந்திராவுல நடந்தது ஞாபகம் இருக்கலாம். விசாகப்பட்டினத்தைச் சேர்ந்த ஓர் இளம் கல்யாண போட்டோகிராபரை, ஃபங்ஷன் எடுக்கணும்னு ஆன்லைன்ல புக் பண்ணி, கோதாவரிப் பக்கம் ராவுலபாலத்துக்கு வரவெச்சுக் கொன்னுட்டாங்க. அவர் கொண்டுபோன கேமராக்கள்தான் காரணம்னு போலீஸ் சொன்னது. சுமார் 15 லட்ச ரூபாய் மதிப்புன்னு செய்திகள்ல வந்தது. உயிருக்கு முன்னாடி இன்ஷூரன்ஸ் பத்திப் பேசுறது அற்பமா தெரியும். ஆனா ஒண்ணு கவனிங்க: அந்தப் பையை வித்துடலாம்ங்கிற நம்பிக்கை அவங்களுக்கு இருந்திருக்கு. அந்த நம்பிக்கை எங்கிருந்து வருது? பில் கேக்காம, நம்பர் பார்க்காம செகண்ட் ஹேண்ட் வாங்குற நம்மகிட்ட இருந்துதான்.

போன் தொலைஞ்சா இன்னைக்கு ஒரு வழி இருக்கு. 2023 மே மாசம் மத்திய அரசு தொடங்கின சஞ்சார் சாத்தி தளத்துல ஐ.எம்.இ.ஐ நம்பரைக் கொடுத்தா, நாடு முழுக்க அந்த போனை முடக்கிடலாம். கேமராவுக்கு அப்படி ஓர் அரசு ஏற்பாடு இங்கே கிடையாது. கேமராவுல சிம் இல்லை, நெட்வொர்க் இல்லை. அதோட அடையாளம் அடியில இருக்கிற அந்தக் குட்டி நம்பர் மட்டும்தான். அதை எழுதி வெக்க வேண்டிய ஆள் நீங்க.

ரயில்ல போனா யார் பொறுப்பு?

கோயம்புத்தூர்க்காரங்க நிறைய பேர் நம்புற ஒரு விஷயம், "டிக்கெட் எடுக்கும்போதே இன்ஷூரன்ஸ் டிக் பண்ணிட்டேனே." ஐ.ஆர்.சி.டி.சி-ல ஒரு ரூபாய்க்கும் கம்மியா வாங்குற அந்த இன்ஷூரன்ஸ், ரயில் விபத்துல உயிரிழப்பு, ஊனம், ஆஸ்பத்திரிச் செலவு இதுக்குத்தான். பைக்கு இல்லை.

சரி, ரயில்வே தராதா? 1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தோட 100-வது பிரிவு ரொம்பத் தெளிவா இருக்கு. லக்கேஜை ரயில்வேகிட்ட புக் பண்ணி ரசீது வாங்கியிருக்கணும். கூடவே வெச்சிருக்கிற பையா இருந்தா, ரயில்வேயோட இல்லைன்னா ஊழியரோட அலட்சியத்தாலதான் போச்சுன்னு நீங்க நிரூபிக்கணும். 2023 ஜூன்ல சுப்ரீம் கோர்ட்டுக்கு ஒரு வழக்கு வந்தது. ஒரு துணி வியாபாரி, ரயில்ல தூங்கும்போது இடுப்புல கட்டியிருந்த ஒரு லட்ச ரூபாயைப் பறிகொடுத்தவர். மாவட்டம், மாநிலம், தேசியம்னு மூணு நுகர்வோர் மன்றத்துலயும் ஜெயிச்சுட்டு வந்தார். சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு. தன் பொருளைப் பயணியே பாதுகாக்க முடியலைன்னா அதை ரயில்வேயோட சேவைக் குறைபாடுன்னு சொல்ல முடியாதுங்கிறதுதான் தீர்ப்போட சாரம். இடுப்புல கட்டின பணத்துக்கே இந்த நிலைமைன்னா, ரேக்குல வெச்ச கேமரா பைக்கு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

இந்த ஊர்ல கேமராவும் ரயிலும் சேர்ந்த கதை ரொம்பப் பழசு. 1905-ல ரயில்வே வேலையில இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட்ங்கிற பிரெஞ்சுக்காரர்கிட்ட இருந்து ஒரு புரொஜக்டரை வாங்கி, ஊர் ஊரா எடுத்துட்டுப் போய்ப் படம் காட்டினார். அப்புறம்தான் கோவையில வெரைட்டி ஹால் வந்தது. தன் சேமிப்பை ஒரே பெட்டிக்குள்ள போட்டு அதைத் தூக்கிட்டு ஊர் ஊரா போறதுங்கிற பிழைப்பை நம்ம பசங்க நூறு வருஷம் கழிச்சும் பண்றாங்க.

பாலிசின்னு கேட்டா என்னென்ன தருவாங்க?

இங்கேதான் குழப்பமே. கேமராவுக்குன்னு கடைக்குப் போய்க் கேட்டா பல ஏஜென்ட்டுகளே முழிப்பாங்க. ஹெல்த், பைக், கார் தவிர அவங்க அதிகம் வித்ததில்லை. நீங்க கேக்க வேண்டிய வார்த்தை "ஆல் ரிஸ்க்". வீட்டுக்கு வெளியில, பயணத்துல, திருட்டு, கீழே விழுந்து உடையறது, தீ, வெள்ளம்னு பலதையும் சேர்த்துத் தர்ற பாலிசி அது. தொழில் பண்றவங்களுக்கு எலெக்ட்ரானிக் எக்யூப்மென்ட் இன்ஷூரன்ஸ்னு இன்னொண்ணு உண்டு. அதுல கையில தூக்கிட்டுப் போற கருவிகளுக்குத் தனியா சேர்க்கச் சொல்லிக் கேக்கணும். இல்லைன்னா ஸ்டூடியோ அட்ரஸோட பாதுகாப்பு முடிஞ்சுடும். மூணு கம்பெனிகிட்டயாவது எழுத்துல விலை வாங்குங்க. வாட்ஸ்அப்ல "கவர் ஆகும் சார்"னு வர்றதை நம்பாதீங்க.

வீட்டுக்கு இருக்கிற பாலிசி போதாதான்னு கேட்டா, போதாது. 2021 ஏப்ரல் 1-லேர்ந்து பாரத் கிரிஹ ரக்ஷாங்கிற ஒரே மாதிரியான வீட்டு பாலிசி நாடு முழுக்க இருக்கு. நல்ல பாலிசிதான். கட்டடத்துக்கு எடுத்தாலே, அந்தத் தொகையில 20 சதவிகிதம் வரை, அதிகபட்சம் 10 லட்சம் வரை வீட்டுச் சாமானுக்கும் சேர்ந்துடும். மழை வெள்ளம் வீட்டுக்குள்ள வந்தா உதவும். 2015, 2023 டிசம்பர்கள்ல சென்னையைப் பார்த்தவங்களுக்கு அதோட அருமை தெரியும். குறிச்சிக் குளத்துப் பக்கம் தரைத்தளத்துல ஸ்டூடியோ வெச்சிருக்கவங்களும் யோசிக்கலாம். ஆனா திருட்டுன்னு வந்தா, வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து ஏழு நாளுக்குள்ள திருடு போனாதான் பணம். சாதாரண செவ்வாய்க்கிழமை பூட்டை உடைச்சா கிடையாது. அதுக்குத் தனி பர்க்ளரி பாலிசி வேணும்.

பர்க்ளரியிலும் ஒரு கண்ணி இருக்கு. 2004-ல ஒரு வழக்குல சுப்ரீம் கோர்ட் சொன்னது: பாலிசியில "பலவந்தமா நுழைஞ்சு"ன்னு எழுதியிருந்தா, பூட்டு உடைஞ்சோ கதவு பெயர்ந்தோ ஏதாவது பலப்பிரயோகம் நடந்திருக்கணும். மண்டபத்துல மணமகன் அறையில பையை வெச்சுட்டு, கதவைச் சாத்தாம சாப்பிடப் போயிட்டீங்க, வந்து பார்த்தா பை காணோம்னு வெச்சுக்கோங்க. ஊர் வழக்குல அது திருட்டு. அந்த பாலிசி மொழியில பர்க்ளரி இல்லை. பந்தியில பால் பாயசம் சாப்பிட்ட நேரத்துக்கு விலை நாலு லட்சம்.

இன்னும் சிலது இருக்கு, பாலிசி காகிதத்துல சின்ன எழுத்துல வரும். ஆள் இல்லாத வண்டியில இருந்து போனா தர மாட்டோம்பாங்க. "காணாம போச்சு"ன்னு மட்டும் சொன்னா, எப்படிப் போச்சுன்னு தெரியாத இழப்புக்கு இல்லைம்பாங்க. லென்ஸ்ல ஃபங்கஸ், ஷட்டர் தேய்மானம் எல்லாம் எதுலயும் வராது. முக்கியமா, நம்பிக் கொடுத்து ஏமாந்தது. கேமராவை ரெண்டு நாள் வாடகைக்கு வாங்கிட்டுப் போனவன் போனை ஆஃப் பண்ணிட்டா, சட்டப்படி அது பெரும்பாலும் நம்பிக்கை மோசடி கணக்குல போகும், திருட்டு இல்லை. பல பாலிசிகள் இதை விலக்கி வெச்சிருக்கும். "மாப்ள, ஒரு நாள் பாடியைக் கொடு"ன்னு கேக்கிற ஃப்ரெண்டுக்கும் இதே நிலைமைதான். வாடகைக்கு விடுறவங்க பாலிசி எடுக்கும்போதே இதைச் சொல்லிக் கேளுங்க.

அடுத்தது, மதிப்பைக் குறைச்சு எழுதுறது. பிரீமியம் மிச்சமாகும்னு நாலு லட்ச ரூபாய் கருவிகளுக்கு ரெண்டு லட்சம்னு எழுதினா என்ன ஆகும்? எல்லாமே போனா ரெண்டு லட்சம் கிடைக்கும்னு உங்களுக்குத் தெரியும். ஒரு லட்ச ரூபாய் லென்ஸ் மட்டும் போனாலும் அம்பதாயிரம்தான் கிடைக்கும்ங்கிறது தெரியாது. பாதி மதிப்புக்குத்தானே இன்ஷூர் பண்ணியிருக்கீங்க, அதனால பாதி இழப்புதான் எங்க பொறுப்புன்னு சொல்லுவாங்க. இன்ஷூரன்ஸ்காரங்க இதை "ஆவரேஜ்"னு சொல்றாங்க. கிரிக்கெட் ஆவரேஜ் மாதிரி சந்தோஷமான விஷயம் இல்லை. அதே மாதிரி, பழைய மதிப்புல தேய்மானம் கழிச்சுத் தருவாங்களா, இல்லை புதுசு வாங்குற விலை தருவாங்களான்னும் கேட்டுடுங்க.

கல்யாணம் எடுத்துக் காசு வாங்குறவங்க "சொந்த உபயோகம்"னு ஃபார்ம்ல டிக் பண்றதும் நடக்குது. பிரீமியம் கொஞ்சம் குறையும்தான். கிளெய்ம் வரும்போது உங்க இன்ஸ்டாகிராம் பேஜை ஓப்பன் பண்ணிப் பார்த்தா போதும், "புக்கிங்குக்கு டி.எம் பண்ணவும்"னு நீங்களே எழுதி வெச்சிருப்பீங்க.

ட்ரோன் வெச்சிருக்கவங்களுக்கு ஒரு வார்த்தை. 2021 ட்ரோன் விதிகள்படி, 250 கிராமுக்கு உட்பட்ட நானோ ட்ரோனைத் தவிர மத்ததுக்கு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம். அது உங்க ட்ரோன் யார் தலையிலயாவது விழுந்தா அவங்களுக்குத்தான். தென்னை மரத்துல மோதி உடைஞ்சா உங்களுக்கு இல்லை.

எல்லாரும் பாலிசி எடுத்தே ஆகணும்னு நான் சொல்லலை. முப்பதாயிரத்துக்கு ஒரு கேமரா, வால்பாறை டிரிப்புக்கு மட்டும் எடுக்கறீங்கன்னா, அந்தப் பணத்தை மாசாமாசம் தனியா ஒதுக்கி வெக்கிறதே புத்திசாலித்தனம். ஆனா அந்தப் பை போனா அடுத்த மாச வீட்டு வாடகை போயிடும்ங்கிற நிலைமையில இருக்கிறவங்க கண்டிப்பா எடுக்கணும். இ.எம்.ஐ-ல வாங்கினவங்க இன்னும் அவசியம். கேமரா போனாலும் இ.எம்.ஐ நிக்காது.

பத்து நிமிஷ வேலை

பாலிசி எடுங்க, எடுக்காம போங்க. இதை மட்டும் இன்னைக்கு ராத்திரியே பண்ணிடுங்க. கட்டில் மேல ஒரு வெள்ளை பெட்ஷீட்டை விரிச்சு, பையில இருக்கிறது எல்லாத்தையும் வெச்சு ஒரு போட்டோ. அப்புறம் ஒவ்வொண்ணோட சீரியல் நம்பரும் தெரியற மாதிரி கிட்டத்துல ஒரு போட்டோ. பாடியில அடியிலயோ ஸ்க்ரீனுக்குப் பின்னாடியோ இருக்கும், லென்ஸ்ல மவுன்ட் பக்கத்துல இருக்கும், ஃப்ளாஷ்ல கால் பக்கம் இருக்கும். சில லென்ஸ்ல அது ஸ்டிக்கர், தேய்ஞ்சுடும். அதனால தேயறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க. ஒரு ஷீட்ல பேரு, மாடல், நம்பர், வாங்கின தேதி, கடை, விலை. பில், வாரன்ட்டி கார்டு ரெண்டையும் ஸ்கேன். கடை பில் தெர்மல் பேப்பர்ல இருந்தா ரெண்டு வருஷத்துல வெள்ளையாகிடும், சூரியன்கூட வேண்டாம். எல்லாத்தையும் உங்களுக்கே ஒரு மெயில் அனுப்பிடுங்க. லேப்டாப்புல மட்டும் வெச்சா, அந்த லேப்டாப்பும் அதே பையில போயிடும்.

கோவையில பெரிய சிக்கல் செகண்ட் ஹேண்ட். பாதிப் பேர் கருவி ஒருத்தர் கை மாறி, இன்னொருத்தர் கை மாறி வந்தது. வித்தவர்கிட்ட இருந்து ஒரிஜினல் பில்லோட காப்பி, சீரியல் நம்பர் போட்ட ஒரு விற்பனைக் கடிதம், அதுல அவர் கையெழுத்து, பணம் யு.பி.ஐ-ல போனதுக்கான ஸ்க்ரீன்ஷாட். இவ்வளவும் கேட்டா "என்னங்க, என்னையே சந்தேகப்படறீங்களா?"ம்பாங்க. சிரிச்சுட்டே கேளுங்க. திருட்டுப் பொருளை வித்தா அவருக்கு மட்டும் சிக்கல் இல்லை, தெரிஞ்சு வாங்கினா உங்களுக்கும்தான். புதுசு வாங்கும்போது "பில் வேண்டாம்னா 18 சதவிகிதம் மிச்சம்"ங்கிற கடைக்காரர் சலுகையும் இதே கதைதான். ஜி.எஸ்.டி பில் இல்லாத கேமராவை உங்களோடதுன்னு சர்வேயர்கிட்ட எப்படி நிரூபிப்பீங்க?

ஏற்கெனவே தொலைச்சவங்களுக்கு ஒரு வழி உண்டு. என் நண்பன் அன்னைக்கு ராத்திரி கண்டுபிடிச்சது இது. பல கேமராக்கள் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்குள்ளயும் எக்ஸிஃப்ங்கிற தகவலோட பாடி சீரியல் நம்பரையும் எழுதி வெக்கும். சில சமயம் லென்ஸ் நம்பரையும். வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோவுல அது அழிஞ்சுடும். ஹார்ட் டிஸ்க்ல இருக்கிற ஒரிஜினல் ஃபைலைத் திறந்தா கிடைக்கும். மூணு மாசம் முன்னாடி எடுத்த ஒரு காதுகுத்து போட்டோவுல இருந்துதான் அவனோட பாடி நம்பர் கிடைச்சது. ஃப்ளாஷ், ரெண்டாவது லென்ஸ் நம்பர் கிடைக்கவே இல்லை.

சிங்கப்பூர், ஷார்ஜான்னு கோவை ஏர்போர்ட்ல இருந்து கல்யாணம் எடுக்கப் போறவங்க, போறதுக்கு முன்னாடியே கஸ்டம்ஸ் அதிகாரிகிட்ட கேமராவைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்ட்டிபிகேட் வாங்கிடுங்க. திரும்பி வரும்போது "இது அங்கே வாங்கினதா?"ங்கிற கேள்விக்கு அதுதான் பதில். அதுக்கும் சீரியல் நம்பர்தான் அடிப்படை.

போயிடுச்சு... இப்போ?

ரயில்லயே தெரிஞ்சா 139-க்கு அடிங்க. டி.டி.இ-கிட்டயோ ரோந்து போலீஸ்கிட்டயோ புகார் ஃபார்ம் வாங்கி எழுதிக் கொடுக்கலாம், பாதியில இறங்கணும்னு இல்லை. "இது எங்க லிமிட் இல்லை"ங்கிற பதிலுக்கு இப்போ இடமில்லை. 2024 ஜூலை 1-ல அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவோட 173-வது பிரிவு, எந்த எல்லையில நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு பண்ணச் சொல்லுது. புகார் கொடுத்தவருக்கு எஃப்.ஐ.ஆர் காப்பி இலவசம்.

இதுல நம்ம ஊர்ல பலர் கோட்டை விடுறது ஒரு இடத்துல. ஸ்டேஷன்ல சி.எஸ்.ஆர் ரசீது ஒண்ணைக் கொடுத்து அனுப்புவாங்க. புகார் வாங்கிட்டோம்ங்கிறதுக்கான சீட்டு அது. இன்ஷூரன்ஸ்காரங்க பொதுவா கேக்கிறது எஃப்.ஐ.ஆர். பிறகு "கண்டுபிடிக்க முடியலை"ன்னு போலீஸ் தர்ற சான்றிதழ். அன்னைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மெயில் போட்டுடுங்க. போலீஸ்ல உடனே புகார் கொடுத்திருந்தா, கம்பெனிக்குத் தாமதமா சொன்னாங்கிற ஒரே காரணத்துக்காகக் கிளெய்மை மறுக்கக் கூடாதுன்னு வண்டித் திருட்டு வழக்குகள்ல 2020-லயும் 2022-லயும் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. அதை நம்பி ஒரு வாரம் தள்ளிப்போடாதீங்க. வழக்கு ஜெயிக்க வருஷங்கள் ஆகும், மெயில் போட ரெண்டு நிமிஷம்.

கிளெய்மை மறுத்தா, முதல்ல கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க. ஒரு மாசத்துல பதில் இல்லைன்னாலோ, பதில் பிடிக்கலைன்னாலோ சென்னையில இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனுக்குப் போகலாம். 50 லட்சம் வரைக்கும் உத்தரவு போடுவாங்க, ஃபீஸ் இல்லை, வக்கீல் வேண்டாம். தனி ஆளா தொழில் பண்றவங்களும் போகலாம். மறுத்த தேதியில இருந்து ஒரு வருஷத்துக்குள்ள.

எந்த பாலிசியும் தராத ஒண்ணும் அந்தப் பைக்குள்ள இருந்தது. மெமரி கார்டு. அன்னைக்கு ரிசப்ஷன்ல எடுத்த அத்தனை படமும். கார்டோட விலையை இன்ஷூரன்ஸ்ல கேக்கலாம், அந்தப் பொண்ணோட தாத்தா மேடையில ஆடினதைக் கேக்க முடியாது. என் நண்பன் முதல்ல போன் பண்ணினது போலீஸுக்கு இல்லை, அந்தப் பொண்ணோட அப்பாவுக்கு. அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்லையாம். அப்புறம், "சரிங்க தம்பி, நீங்க பத்திரமா வீட்டுக்குப் போய்ச் சேருங்க"ன்னாராம். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துட்டான். இந்த மாதிரி நஷ்டத்துக்கு நுகர்வோர் ஆணையங்கள்ல வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கினவங்க இருக்காங்க, அவர் போடலை. டூயல் ஸ்லாட் உள்ள கேமராவா இருந்தா ரெண்டு கார்டுலயும் பதிய விடுங்க, கிளம்பும்போது ஒரு கார்டு பையில, இன்னொண்ணு உங்க பேன்ட் பாக்கெட்டுல.

பை இன்னும் கிடைக்கலை. இ.எம்.ஐ பதினொரு மாசம் பாக்கி இருக்கு. போன வாரம் ஒரு முகூர்த்தத்துக்காகக் காந்திபுரத்துல கேமராவை வாடகைக்கு எடுத்தான். கடைக்காரர் ஆதாரை வாங்கிக்கிட்டு, பாடியைத் திருப்பி நம்பரை ரெண்டு தடவை சத்தமா படிச்சுக் காட்டி, நோட்டுல கையெழுத்து வாங்கினாராம். இவனும் போனை எடுத்து அந்த நம்பரை ஒரு போட்டோ பிடிச்சுக்கிட்டான்.